ஒரு மழை மாதத்து மெஸ் மேனேஜர்

போன குளிர்காலத்தில் என்னை எங்கள் ஆஸ்பத்திரி மருந்தறைக்குப் பொறுப்பாக்கினார்கள். பெண்களுக்கென்றே நடக்கும் ஆஸ்பத்திரி அது. மருந்து கலக்க எனக்குக் கீழே இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிட மூத்தவள். நியமனத்தைச் சொல்லும் முன் தலைமை டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இதற்கு முன் நாலு பேரை வைத்து எதையாவது நடத்தியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"ஒரு மாதம் நடத்தியிருக்கிறேன்."

"எதை?"

"சமையலறையை."

டாக்டரம்மா சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். நான் யோசித்துத்தான் சொன்னேன். பிறருக்குப் பொறுப்பாக இருப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சமும், ஈரக் கரியை ஊதி ஊதிக் கண் சிவந்த அந்த ஒரு மழை மாதத்தில் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் விடுதி கல்கத்தாவில் சியால்தா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பழைய மாடி வீடு. பெண்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவப் பள்ளியில் படித்தவர்கள் அங்கே தங்கினோம். மற்றவர்கள் டாக்டர் படிப்பு. நான் மட்டும் கம்பவுண்டர் வகுப்பு. எங்கள் வீடு டாலிகஞ்சில். அப்பாவுக்கு அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். குதிரைகள் போய் மின்சார டிராம் வந்துவிட்ட காலம்தான் என்றாலும், அதைப் பிடித்து வந்தால் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். அதனால் வாரமெல்லாம் விடுதி, சனிக்கிழமை சாயங்காலம் வீடு.

விடுதியில் நாங்கள் பேசியது வங்காளம். ஆனால் எனக்குள் அது எங்கள் வீட்டுத் திருநெல்வேலித் தமிழாகவே பதிந்து கிடக்கிறது. இத்தனை வருஷம் கழித்து அதை மாற்ற வேண்டாம் என்று அப்படியே எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் தரையில் இரண்டு வரிசை உட்காருவோம். ஜன்னல் பக்கத்து நீண்ட வரிசை மீன் சாப்பிடுகிறவர்களுடையது. எதிர்ச்சுவரை ஒட்டி இரண்டே பலகைகள் போட்ட வரிசை சைவம். அதில் ஒரு பலகை எனக்கு. மற்றது டாக்டர் படிப்பில் இருந்த ஒரு பெண்ணுக்கு. என் வயதுதான் அவளுக்கும். பன்னிரண்டு வயதில் கைம்பெண்ணானவள். அந்தப் பக்கத்துக் கைம்பெண்களின் வழக்கப்படி அவள் சாப்பிடுவது கருங்கல் தட்டில். அவளை என் பந்தித் தோழி என்றே இங்கே சொல்லப்போகிறேன்.

நான் சேர்ந்த அன்று, அந்தச் சுவர்ப்பக்கம் போய் நான் உட்கார்ந்ததைப் பார்த்து எதிர் வரிசையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். சாப்பிட்டு எழுந்ததும் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, "எப்ப ஆச்சு?" என்று கேட்டாள்.

"எது?"

"இந்தக் கஷ்டம்."

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற என் பந்தித் தோழிதான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நீயும் புருஷனைப் பறிகொடுத்தவன்னு நெனைக்கா இவ. மீன் வேண்டாம்னு சொல்லுத சின்னப் பொண்ணு வேற யாரு இருக்கா இந்த ஊர்ல?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மீன் கிடையாது, என் அம்மா குத்துக்கல் மாதிரி இருக்கும் அப்பாவோடு மஞ்சள் குங்குமமாகத்தான் சைவம் சாப்பிடுகிறாள் என்று விளக்கி முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு என் பெயர் 'மாத்ராஜி', அதாவது மதராஸ்காரி, என்று நிலைத்துவிட்டது. எங்கள் இருவருக்கும் நட்பானதும் அந்த முதல் நாள் சிரிப்பில்தான்.

அவள் அங்கே படித்துக்கொண்டிருந்ததே ஒரு நூலில் தொங்கிய காரியம். அவளைச் சேர்த்தது கணவனின் அண்ணன். எங்கள் பக்கத்தில் மூத்தார் என்போம். மொஃபசல் ஊர் ஒன்றில் வக்கீல். வீட்டில் அவருடைய அம்மாவுக்கு இந்தப் படிப்பில் சம்மதமே இல்லை. ஒரு நிபந்தனையின் பேரில்தான் அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்: கைம்பெண்ணின் சாப்பாட்டு நியமம் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, தவறினால் அன்றே திரும்பி வந்துவிட வேண்டும். சுவர் வரிசையில் மீன் தொடாத தென்னாட்டுப் பெண் ஒருத்தி துணைக்கு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மூத்தார் நிம்மதியடைந்தாராம். ஆக, அந்த நிபந்தனையைத் தாங்கும் ஒரு தூணாக நானும் நின்றேன்.

கோர்ட்டு வேலையாகக் கல்கத்தா வரும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் விடுதிக்கு வருவார். மூத்தார் முன்னால் அவள் முகம் காட்டக் கூடாது, பேசவும் கூடாது. அவர் முன்கூடத்து நாற்காலியில் உட்காருவார். அவள் உள்கதவுக்குப் பின்னால் முக்காடிட்டு நிற்பாள். நடுவில் எங்களில் யாராவது ஒருத்தி. அவர் கேட்பதற்கு 'ஆமாம்' என்றால் அவள் கதவின் நாதாங்கிச் சங்கிலியை ஒரு தடவை ஆட்டுவாள். அதற்கு மேல் சொல்ல இருந்தால் விடாமல் ஆட்டுவாள். நடுவில் நிற்பவள் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும். பிணத்தை அறுத்து நரம்பு நரம்பாகப் பிரித்துக் காட்டுகிற பெண் ஒரு சங்கிலியை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். அவளுக்கு இரண்டும் வராது. "பழகிட்டுட்டி" என்பாள்.

கல்கத்தாவில் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து தங்கும் மெஸ்களின் வழக்கம்தான் எங்கள் விடுதியிலும். மாதத்துக்கு ஒருத்தி மேனேஜர். என்ன வாங்குவது, எப்போது சமைப்பது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவள் முடிவு. மாதக் கடைசியில் கூடி அடுத்தவளைத் தேர்ந்தெடுப்போம். தேர்ந்தெடுக்கப்பட்டவள் மறுக்கக் கூடாது. கைம்பெண்ணை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. மீன் பேச்சு நடக்கும் இடத்தில் அவளுக்கு என்ன வேலை என்று விட்டுவிடுவார்கள்.

என்னை முன்மொழிந்தவள் எல்லோருக்கும் மேஜ்தி, அதாவது நடு அக்கா. கடைசி வருஷ மாணவி. மீனுக்காக உயிரையே கொடுப்பாள்.

"மாத்ராஜிய போடுங்கட்டி," என்றாள். "அவ மீன் திங்க மாட்டா. நம்ம பங்குல கை வைக்க மாட்டா. இதுவரைக்கும் இருந்த மேனேஜர் எல்லாம் நல்ல துண்ட தனக்கு எடுத்து வச்சவதான்."

"நீயும் இருந்தியே போன மாசம்," என்றாள் ஒருத்தி.

"என்னையும் சேத்துத்தான் சொல்லுதேன்."

அந்த வாரம் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "மீன்காரி தெருவுல வந்தா மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள ஓடுத புள்ள, மீன் கொழம்புக்கு மேனேஜரா! என்ன கூத்துட்டி இது!" அம்மா மட்டும் ஒரு டப்பாவில் ரசப்பொடி கட்டிக் கொடுத்தாள்.

நான் எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற பிறவி. மருந்து கலக்கும் படிப்பு அதை இன்னும் கூட்டிவிட்டது. மேனேஜரான முதல் நாள், சமையலறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் மூன்று விஷயம் எழுதினேன்: அடுப்பு மூட்டும் முறை, தண்ணீர் எடுக்கும் முறை, மீன் தலை முறை. வங்காளத்தில் மீன் தலைக்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்கு முதலில் தெரியாது. கழிவில் போகிற சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நல்ல வேளை, கேட்டேன். கேட்டதால் தெரிந்தது, விடுதியில் பாதிச் சண்டை அந்தத் தலைக்காகத்தான் என்று. ஒவ்வொரு நாளும் ஒருத்திக்குத் தலை என்று நான் முறை வைத்ததும் சண்டை நின்றுவிட்டது. மேஜ்தி சுவருக்கு முன்னால் நின்று பெரிய கும்பிடு போட்டாள்.

"லாட் துரைக்கே நீ யோசனை சொல்லலாம். எனக்கு ஏன் சனிக்கிழமை?"

"சனிக்கிழமை பரீட்சை இல்ல. நிதானமா சாப்பிடலாம்."

"பாத்தியளா! தலைக்கும் பரீட்சைக்கும் முடிச்சுப் போட்டுட்டா."

அது சீமை உப்பு வேண்டாம் என்று பெண்கள் சபதம் செய்த வருஷம். கறுத்த, ஈரமான நாட்டு உப்பை வாங்கினேன். அதில் மண் இருந்தது. அதையும் கேட்டு, கரைத்து வடிகட்டினோம். தெரியாத எல்லாவற்றையும் நான் கேட்டேன். மீன் எப்போது கெடும், எந்த எண்ணெய், யாருக்கு எந்தத் துண்டு. மீன் வரிசை விஷயத்தில் நான் ஒரு தப்புகூடச் செய்யவில்லை.

ஆஷாட மாதம், நம் ஆனி, மழையோடு பிறந்தது. எங்கள் சமையற்காரர் ஒரியாக்காரர்; பூரி தேர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகாமல் இருக்க மாட்டார். அவர் போனதும் நாங்களே சமைக்க வேண்டியதாயிற்று. இரண்டு அடுப்பையும் பிரித்துக்கொண்டோம். பெரிய அடுப்பு மேஜ்தி கையில். சைவ அடுப்பை நான் எடுத்துக்கொண்டேன். மீன் பட்ட கை அந்தப் பக்கம் வரக் கூடாது என்பதால் மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என் பந்தித் தோழிக்கு அந்த மாதம் விடியற்காலையிலிருந்து பிரசவ வார்டில் வேலை. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாள்.

"நீயா சமைக்கப் போற?" என்றாள்.

"ஏன், என் கை ஆகாதா?"

"மீன் தொடாத கை. எங்க வீட்டுல அதுக்கு ஏற்கனவே சம்மதம் வாங்கியாச்சு. ருசிக்குத்தான் சம்மதம் வாங்கல."

சைவம் எனக்குத் தெரிந்த விஷயம். பிறந்ததிலிருந்து சாப்பிடுவது. அதனால் அந்தப் பக்கம் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மழையில் கரி நனைந்து புகைந்தது. துவரம்பருப்பைப் போட்டால் மணி அடிக்கும்வரை வேகவில்லை. இரண்டு நாள் பாதி வெந்த பருப்பைத் தின்றோம். மூன்றாம் நாள் கடைக்காரனிடம் சீக்கிரம் வேகும் பருப்பாகக் கேட்டேன். மைசூர்ப் பருப்பைக் கொடுத்தான். எங்கள் வீட்டில் எப்போதோ ஒரு நாள் செய்வதுதான். கொதி வந்ததும் கரைந்துவிட்டது. செந்நிறம் போய் மஞ்சளாகிவிட்டது. புளி கரைத்து ஊற்றி, அம்மா கொடுத்த பொடி போட்டு, கடுகு தாளித்து இறக்கினேன். அந்த நாற்றக் கரியில் இவ்வளவு நன்றாக ஒன்றைச் சமைத்துவிட்டோமே என்று எனக்கு ஒரே பெருமை.

என் பந்தித் தோழி அன்று இரண்டாவது தரம் சோறு கேட்டாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாளும் அதையே செய்தேன். பிறகு தினமும் அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மேனேஜராக இருந்ததால் நான் வீட்டுக்குப் போகவில்லை. மேஜ்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாத்ராஜி, உன் டப்பாவுல கொஞ்சம் பாசிப்பருப்பு இருந்தா போடு. இன்னைக்கு எனக்குத் தலை. பருப்புல போட்டு வைக்கப்போறேன்."

"பாசிப்பருப்பு இல்ல, இதுதான் இருக்கு," என்று டப்பாவைத் திறந்து காட்டினேன்.

அவள் உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது யாருக்கு?"

"எங்களுக்கு. தினம் வைக்கிற ரசத்துக்கு."

"எங்களுக்குன்னா? அவளுக்குமா?"

"ஆமா."

மேஜ்தி கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, வாசற்கதவை மூடினாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி, இது மசூர். எங்க பக்கம் இத மீன் கணக்குலதான் வச்சிருக்கோம். கைம்பொண்ணு தொடவே மாட்டா. வெங்காயம், பூண்டு, மசூர்... யாரும் உனக்குச் சொல்லலியா?"

"பருப்புதான் இது. செடியில காய்க்கிறது."

"செடியில காய்ச்சா என்ன?"

"பருப்புல என்ன ரத்தமா ஓடுது?"

"எனக்கு என்னட்டி தெரியும்? சிவப்பா இருக்குன்னு எங்கம்மா சொல்லுவா. அவுகம்மா சொல்லியிருப்பாக." அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு அவ மூத்தார்லா வாராரு."

அதை நான் மறக்கவில்லை. அந்த நிமிஷம் அதைத் தவிர வேறெதுவும் என் மனதில் இல்லை.

மேஜ்தி எழுந்து டப்பாவை மூடினாள். "சொல்லாத. அவளுக்கும் சொல்லாத, அவருக்கும் சொல்லாத. டப்பாவ காலி பண்ணிரு. ஆம்பளைக்குச் சமையக்கட்டுல என்ன வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்? நியமமா நடக்கான்னு கேப்பாரு, நடக்குன்னு சொல்லு. முடிஞ்சுது."

அவள் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்தப் பெண்ணின் படிப்பு போய்விடக் கூடாது என்றுதான். எனக்கும் அதுதான். ஆனால் அவளுடைய தட்டில் விழுந்ததை அவளுக்குச் சொல்லாமல் நான் எப்படி அவள் பக்கத்துப் பலகையில் உட்காருவது?

அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேகம் தாழ்ந்து வந்திருந்தது. தூரத்தில் ரயில் ஷெட்டின் புகை மேலே எழும்ப முடியாமல் கூரைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. என் புடவையின் ஒரு நுனியை அவள் பிடிக்க, மறு நுனியை நான் பிடித்து மடித்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்தபோது மடிப்பு நடுவில் நின்றது.

"முதல் நாள்லருந்தா?" என்றாள்.

"மூணாம் நாள்லருந்து."

அவள் மீதி மடிப்பை மடித்தாள். என் கையிலிருந்து புடவையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

நான் கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினேன்.

"எங்கம்மா வீட்டுல சின்னப்புள்ளையில சாப்பிட்டிருக்கேன். ரெண்டாந்தரம் சோறு கேட்டேன் பாத்தியா, அன்னைக்கே நாக்குக்குத் தெரிஞ்சுட்டுன்னு நெனைக்கேன். நீ புளி ஊத்தி, உங்க ஊர்ப் பொடி போட்டு வேற என்னமோ பண்ணியிருந்த. அதனால நிச்சயமாத் தெரியல." அவள் கொடியில் மீதமிருந்த வெள்ளைத் துணியை இழுத்தாள். "உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கேக்கல."

முதல் துளிகள் விழுந்தன. கீழே ஓடினோம்.

அன்று நான் படுத்தபடியே நாளைக்கு மூத்தாரிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கினேன். ஒன்று, இது அவளுக்குத் தெரியாது. இரண்டு, எங்கள் நாட்டில் இது சைவம்தான். மூன்று, தவறு முழுக்க மேனேஜருடையது. நான்கு, தெரியாமல் நேர்ந்ததற்கு நியமம் கெடாது என்று பெரியவர்களே சொல்வார்கள். நல்ல வரிசைதான். முதல் இலக்கம் மட்டும் உண்மை இல்லை. அது எனக்குத் தெரியும். மற்ற மூன்றும் அதன் மேல்தான் நின்றன.

மூத்தார் நனைந்த குடையை வாசலில் சாத்தி வைத்துவிட்டு வந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். மேஜ்தி தண்ணீரும் சந்தேஷ் என்ற பால் இனிப்பும் கொண்டு வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். உள்கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது.

"நீதான் மேனேஜராம்மா இந்த மாசம்?"

"ஆமா."

"சமையக்காரன் ஊருக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். யாரு சமைக்கா?"

"சைவ வரிசைக்கு நான் சமைக்கேன்."

"அப்ப சரி," என்றார். அந்த 'அப்ப சரி' என்னைக் குத்தியது. "எங்கம்மா கேக்கச் சொன்னாக. நியமமெல்லாம் சரியா நடக்குல்லா?"

"இல்ல," என்றேன்.

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். நான் இரவு அடுக்கியதைச் சொல்ல ஆரம்பித்தேன். மழை, ஈரக் கரி, வேகாத துவரை, மைசூர்ப் பருப்பு. எங்கள் ஊரில் அது சைவம் என்பது. இரண்டாவதும் மூன்றாவதும் நன்றாகவே வந்தன. கடைசியில் முதல் இலக்கத்துக்கு வந்தேன். "அவளுக்கு இது ஒண்ணும் தெரி—"

சங்கிலி ஆடியது. ஒரு தடவை அல்ல. விடாமல்.

நான் உள்ளே போனேன். முக்காடு நெற்றிக்குக் கீழே இறங்கியிருந்தது. உதடு மட்டும் தெரிந்தது. என் காதோடு சொன்னாள்: "தெரியாதுன்னு சொல்லாத. சந்தேகம் இருந்துச்சு, நான் கேக்காம இருந்துட்டேன்னு சொல்லு."

"அதச் சொன்னா உன்னக் கூட்டிட்டுப் போயிருவாரு."

"நீ என் சார்பா பேசுதியா, இல்ல உன் சார்பா பேசுதியா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். கதவைத் தாண்டி வெளியே வந்தேன். அந்தக் கூடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அவ சொல்லச் சொன்னத சொல்லுதேன்," என்றேன். "நாக்குக்குச் சந்தேகம் இருந்துச்சாம். எங்கிட்ட கேட்டிருக்கலாமாம். கேக்காம இருந்துட்டாளாம்."

சங்கிலி ஒரு தடவை ஆடியது. ஆமாம்.

வெளியே தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம். அவர் சந்தேஷ் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நான் அவளுடைய டிரங்குப் பெட்டியைப் பற்றி நினைத்தேன். யார் கீழே இறக்குவது, புத்தகங்களை யாருக்குக் கொடுப்பாள், படிக்க வாங்கிய மண்டையோட்டை அவள் பள்ளியில் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்றெல்லாம். அந்த நேரத்திலும் மனம் வரிசைதான் போட்டது.

"உன் தோழிய இங்க கொண்டாந்து விடுறதுக்கு," என்றார் மெதுவாக, "எங்கம்மாகிட்ட நான் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பொறுப்பேத்துக்கிட்டேன். சாப்பாட்டுக்கு இல்ல. அத நான் வந்தா பாக்க முடியும்? இவ எங்க இருந்தாலும் பொய் சொல்ல மாட்டா, நடந்தத நடந்தபடி சொல்லுவா. அதுக்குத்தான் பொறுப்பேத்துக்கிட்டேன்."

நான் உள்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வீட்டுல நானா போயி இதச் சொல்லப் போறதில்ல. கேட்டா மறைக்க மாட்டேன்." அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. "எங்கம்மா பருப்புப் பருப்பா கேக்க மாட்டாக. அவுகளும் சில விஷயத்த கேக்காம விடுறவுகதான்."

எழுந்து குடையை எடுத்தார். வாசலில் நின்று, "அடுத்த மாசம் யாரும்மா மேனேஜர்?" என்றார்.

"இன்னும் கூட்டம் போடல."

சங்கிலி விடாமல் ஆடியது. போனேன். திரும்பி வந்தேன்.

"அவ இருக்காளாம்."

"அவளா? மீன் வரிசைக்குமா?"

இது எனக்கே பதில் தெரிந்த கேள்வி. இருந்தாலும் கதவுப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் சொன்னேன். "மீன் திங்காத மேனேஜர்தான் இந்த விடுதிக்கு ராசியாம்."

அவர் சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. குடை விரிந்த சத்தத்தில் கரைந்துவிட்டது. மேஜ்திதான் மாடிப்படியில் ஒளிந்திருந்து பார்த்தேன், சிரித்தார் என்று சத்தியம் செய்தாள். அன்றைய மீன் தலை யார் முறையோ அவளிடமிருந்து பிடுங்கி மேஜ்தி தானே தின்றாள். "எனக்குத்தான் நடுக்கம் நிக்கல, எனக்குத்தான் வேணும்" என்று சொல்லிக்கொண்டு. மேனேஜர் என்ற முறையில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

என் பந்தித் தோழி ஒரு ஏகாதசி கூடுதலாகப் பட்டினி கிடந்தாள். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "இது எனக்கும் என் நாக்குக்கும் உள்ள கணக்கு, நீ உள்ள வராத" என்றாள். அடுத்த மாதம் அவள் மேனேஜரானாள். சுவரில் நான் எழுதிய மூன்றுக்குக் கீழே நாலாவதாக ஒன்றை எழுதினாள்: சைவ அடுப்பில் இன்று என்ன. அதைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் இருவரும் உட்காருவோம். சமையற்காரர் பூரியிலிருந்து பிரசாதத்தோடு வந்து, சுவரைப் பார்த்துவிட்டு, தான் போனது தேருக்கா இல்லை ஒரு யுகத்துக்கா என்று கேட்டார்.

இப்போது மருந்தறையில் எனக்கு இருப்பது ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக வெளியே நிற்கும் ஆண்களிடம் மருந்துப் புட்டியைக் கொடுக்கிறோம். நோயாளிகள் உள்ளே திரைக்குப் பின்னால். எங்கே வலி, எத்தனை நாளாக என்பதைக் கணவனோ மாமனாரோ சொல்வார்கள். நான் ஒருமுறை உள்ளே போய் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டு வந்துதான் புட்டியில் சீட்டு ஒட்டுகிறேன். என்னுடன் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கும் இது நேர வீண் என்ற எண்ணம் இருந்தது. மூத்தவள் நேராகவே சொன்னாள். "டாக்டரம்மா எழுதிக் குடுத்தாச்சு. இதுல நாம என்ன கேக்கிறது?" ஒரு நாள் அவள் மேலேயே புகார் வந்து, டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "அவள் வெளியே நிற்கிறாள். அவளையே கேட்டுவிட்டு வருகிறேன்" என்றேன். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு, அவள் சொன்னதை, அவளுக்குக் கொஞ்சம் பாதகமான பாதியையும் சேர்த்து, அப்படியே சொன்னேன். புகார் அதோடு முடிந்தது. அதிலிருந்து அவள் என்னை முறைப்பதில்லை. ஜன்னலுக்கு வரும் ஆண்களை நிறுத்தி வைத்துவிட்டு அவளே உள்ளே போய்க் கேட்டு வருகிறாள்.

சென்ற வாரம் என் பந்தித் தோழி கல்கத்தா வந்திருந்தாள். இப்போது அவள் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். அவளுக்குக் கீழே நர்ஸுகள், தாதிகள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. டாலிகஞ்ச் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தேன். டிராம் இறங்கியதிலிருந்து வீடுவரை, தன் ஆஸ்பத்திரியில் யார் யாரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாள் என்று பேசிக்கொண்டே வந்தாள். மூத்தார் இப்போதும் வந்து முன்கூடத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, தன் மூட்டுவலிக்கு அவளிடம் மருந்து கேட்கிறாராம். நடுவில் நிற்பது ஒரு நர்ஸ்.

அம்மா அவளுக்கென்று கருங்கல் தட்டு ஒன்றைக் கடை கடையாகத் தேடி வாங்கி வைத்திருந்தாள். இலை போட்டாயிற்று. அடுப்படியில் ரசம் கொதித்தது. அப்பா கூடத்தில் இருந்ததால் அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள், கூச்சத்துக்கல்ல, வேடிக்கைக்கு. எங்கள் அடுப்படிக் கதவிலும் ஒரு சங்கிலி உண்டு. அதைப் பிடித்து விடாமல் ஆட்டினாள்.

அப்பா நிமிர்ந்து, "யாருட்டி அது, என்ன வேணுமாம்?" என்றார்.

நான் கதவருகே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன்.

"ரசத்துல என்ன பருப்புன்னு கேக்கா."

"தொவரம்பருப்புதான், வேற என்ன?" என்றாள் அம்மா, ஒன்றும் புரியாமல். "ஏன், ஆகும்லா அவளுக்கு?"

சங்கிலி ஒரு தடவை ஆடியது. பிறகு அவளே தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.